நம்மாலா, எங்களாலா?

கேள்வி: என் மகள் அறையில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறாள். தலையில் புள்ளி போட்ட சிவப்புத் துணி, மடித்துவிட்ட நீலச் சட்டைக் கை, புஜத்தைக் காட்டும் பெண். 'எங்களால் முடியும்!' என்ற வாசகம். உலகப் போரில் பெண்களை வேலைக்குக் கூப்பிட அமெரிக்க அரசு போட்டது என்று நினைத்திருந்தோம். முதலாளி வேலை வாங்க ஒட்டியது என்கிறான் என் தம்பி. அவள் முகம் வாடிவிட்டது. கழற்றிவிடலாமா?

பதில்: தம்பி சொல்வது சரிதான். வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மின்சாதனக் கம்பெனிக்காக ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்தது அது. 1943 பிப்ரவரியில், அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைகளுக்குள் மட்டும், இரண்டே வாரம் தொங்கியது. ஆள் சேர்க்க அல்ல. ஏற்கெனவே உள்ளே இருந்த ஆண்களும் பெண்களும் பார்ப்பதற்கு. அந்தப் பெண்ணின் காலரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வட்டமாக ஒரு பேட்ஜ் இருக்கும். ஊழியர் அடையாள பேட்ஜ் அது. அதே வரிசையில் வந்த இன்னொரு போஸ்டர், வேலையில் சந்தேகம் இருந்தால் சூப்பர்வைசரைக் கேள் என்றது. லீவு போடாதே, ஸ்டிரைக் வேண்டாம், உற்பத்தியைக் கூட்டு: நிர்வாகத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. போஸ்டரில் இருப்பது 'We Can Do It!'. 'நம்மால்', 'எங்களால்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அந்த 'We' ஒன்றுதான். கம்பெனி சொன்னது 'நம்மால் முடியும்', அதாவது முதலாளியும் நீயும் சேர்ந்து. நீங்கள் எழுதியிருப்பதோ 'எங்களால் முடியும்'. அந்த 'எங்கள்' பின்னால் வந்தது. போருக்குப் பிறகு யாரும் நினைக்காமல் கிடந்த படம், 1980களில் மறுபடி வெளியே வந்தபோது பெண்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். எனக்கென்னவோ அதில் ஏமாற்று எதுவும் தெரியவில்லை. முதலாளி தைத்த சட்டையை அளவு மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்களுக்கு 'ரோஸி' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. இந்தப் பெண்ணை 'ரோஸி' என்பதும் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர். அந்த நாளில் வீட்டுக்கு வீடு தெரிந்த ரோஸி, ஓவியர் நார்மன் ராக்வெல் 1943 மே மாதம் ஒரு வார இதழின் அட்டைக்கு வரைந்தவள். மடியில் உலோகத் தகடுகளை இணைக்க ரிவெட் அடிக்கும் மிஷின், கையில் சாண்ட்விச், காலடியில் ஹிட்லரின் புத்தகம். எனக்கு இவளைத்தான் அதிகம் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் யாருக்காகவும் புஜத்தைக் காட்டவில்லை பாருங்கள்.

சரி, போஸ்டரைக் கழற்ற வேண்டாம். அதன் கீழே '1943, வெஸ்டிங்ஹவுஸ், இரண்டு வாரம்' என்று மகளையே ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தமிழில் வாசகம் எழுதுவதென்றால் 'நம்மால்' போடுவதா 'எங்களால்' போடுவதா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். தம்பி வந்தால் காபி கொடுத்து, காலர் பேட்ஜைக் கவனித்தானா என்று கேளுங்கள்.