இரண்டு டீ, ஒரே ஆள்
வாசகர் கேள்வி-பதில்: குறும்படப் பக்கம்

குடியாத்தம் வாசகர்: 12 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும், யாரோடும் ஒட்டாத ஒரு பையன். அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு நண்பன். கதை கேட்ட அத்தனை பேரும் ‘பேய்ப் படமா?’ என்கிறார்கள். எங்கே தப்பு?

நண்பனுக்கு விஷயம் அதிகம் தெரிகிறது, அங்கேதான் தப்பு. ‘சூப்பர்வைசர் உன்னைப் போட்டுக் கொடுத்துட்டான்’ என்று பையனுக்குத் தெரியாததை அவன் முந்திக்கொண்டு சொன்னால், அந்த நிமிடமே அவன் பேய்தான். நம்ம ஊர் ஜனத்துக்கு வேறு கணக்குக் கிடையாது. பையன் எப்போதோ பார்த்தது, காதில் விழுந்தது, பாதி மறந்தது மட்டுமே நண்பன் வாயில் வரவேண்டும். அந்த வசனத்துக்கு நாலு காட்சி முன்னால், சூப்பர்வைசர் ஆபீஸ் ரூம் கதவைச் சாத்துவதைப் பையன் நிமிர்ந்து பார்க்கட்டும். இரண்டு விநாடி போதும். உடையும் அப்படித்தான். பையன் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கும் ஜவுளிக்கடை பேனரில் இருக்கும் சட்டையை நண்பனுக்குப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, நண்பன் எந்தப் பொருளையும் அசைக்கக் கூடாது. டீக்கடையில் பையன் ‘ரெண்டு டீ’ என்கிறான். மாஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரெண்டு கிளாஸ் வைக்கிறார். ஒன்று காலியாகிறது. மற்றதில் ஆடை படிந்து சுருங்குகிறது. நண்பன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறான். கடைசியில் மாஸ்டர் ரெண்டையும் எடுத்து, நிறைந்திருப்பதைக் கழுவுகிற தொட்டியில் கொட்டுகிறார். இதற்கு மேல் ஒரு வசனம் எழுதினாலும் காட்சி கெடும். இந்த ஷாட்டுக்குத் தண்ணீர் கலக்காத பாலில் டீ போட்டு, ஆற்றாமல் ஊற்றுங்கள். ஆற்றினால் நுரை நின்று ஆடையை மறைத்துவிடும்.

ஆரணி வாசகர்: கூத்தில் வரும் கட்டியங்காரனும் ராஜாவின் கற்பனை நண்பன் மாதிரிதானே?

நேர் எதிர். ராஜாவுக்குத் தெரியாததெல்லாம் கட்டியங்காரனுக்குத் தெரியும். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ஊர்ப் பஞ்சாயத்தைக் கிண்டலடிப்பான். அவன் கூத்துப் பார்க்கிறவர்கள் பக்கத்து ஆள். உங்கள் கதையில் அப்படி ஒருவன் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அதைக் கற்பனை நண்பன் என்று சொல்லாதீர்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: மொபைலில்தான் எடுக்கிறோம். ஒரே ஃபிரேமில் நண்பன் இருப்பதும் இல்லாததும் எப்படி?

டிரைபாடில் போட்டு, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள். லாக் செய்யாவிட்டால், ஆள் விலகியதும் மொபைல் தானாக வெளிச்சத்தை மாற்றிவிடும், இரண்டு ஷாட்டும் ஒட்டாது. ஆளோடு ஒரு டேக், உடனே ஆளில்லாமல் ஒரு டேக். நடுவில் சாப்பிடப் போனால் நிழல் நகர்ந்துவிடும். வேலூர் மே மாத மதியம் வேண்டவே வேண்டாம், மொபைலே சூடாகி நின்றுபோகும்.

பெரிய சிக்கல் கண். வெறும் காற்றைப் பார்க்கச் சொன்னால், நடிகரின் பார்வை பத்தடி தள்ளிப் போய் நிற்கும். நண்பனின் கண் உயரத்தில் சுவரில் ஒரு ஆணியோ ஸ்விட்சோ இருக்கிற மாதிரி இடம் பாருங்கள். குளோசப்புக்கு ஃபிரேமுக்கு வெளியே ஒரு கம்பில் டேப் ஒட்டி நிறுத்தினால் போதும். 1950இல் வந்த ‘ஹார்வி’ என்ற ஹாலிவுட் படத்தில், நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நண்பன் 6 அடி 3½ அங்குல முயல். ஒரு ஓவியத்தில் மட்டும்தான் அது தெரியும். மற்றபடி அந்த உயரத்தைச் சுமப்பது அவர் பார்வைதான்.

வேலூர் லாங் பஜார் மாதிரிக் கூட்டத்தில் நண்பனை நடக்கவிட்டால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அது ஒன்றே எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். காலை ஆறு மணிக்குப் போய், உங்கள் ஆட்களையே நேரே நடக்கச் சொல்லுங்கள். கடைசி நொடியில் ஒதுங்க வேண்டியது நண்பன்தான்.

அவன் குரலை வீட்டுக்குள், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்துத் தனியாகப் பதியுங்கள். பஸ் சத்தத்துக்கு நடுவே எதிரொலி இல்லாத குரல் வந்தால், காது அதைத் தலைக்குள் கேட்பதாக எடுத்துக்கொள்ளும். ஆளே வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றாலும் சரி. ‘மாவீரன்’ (2023) முழுக்க விஜய் சேதுபதி குரல்தானே?

ஆம்பூர் வாசகர்: ‘அப்படி ஒருவனே இல்லை’ என்பதைக் கிளைமாக்ஸில் உடைக்கலாமா?

வேண்டாம். இதே திருப்பத்தை வைத்த ‘ஃபைட் கிளப்’ படம் வந்தது 1999இல். அதற்குப் பிறகு ஜனம் மூன்றாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறது. முதல் டீயிலேயே தெரியட்டும்.

ஆற்காடு வாசகர்: என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கும் இப்படி ஒரு தோழி இருக்கிறாள். இது நோயா? படத்தில் வருவது எல்லாமே நோய்தானா?

குழந்தைக்கு இது சாதாரணம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு எப்போதாவது இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. அது விளையாட்டு என்பதும் பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும்.

படத்தில் வருவது வேறு. ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001) படத்தில் கணித மேதை ஜான் நாஷ் ஆட்களையே பார்க்கிறார். நிஜத்தில் அவருக்குக் கேட்டவை குரல்கள். திரைக்கு முகம் தேவைப்பட்டது, கொடுத்தார்கள். படத்தில் அவர் ‘புது மருந்து சாப்பிடுகிறேன்’ என்பார், நிஜத்தில் 1970க்குப் பிறகு அவர் மருந்தே எடுக்கவில்லை. பார்க்கிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்று பயந்து வைத்த வசனம் அது. குறும்பட ஸ்கிரிப்ட்களில் பையன் மாத்திரையைப் பாலாற்று மணலில் வீசி எறிந்துவிட்டுச் சிரிக்கிற காட்சி அடிக்கடி வருகிறது. அதை அடித்துவிடுங்கள்.