காபிக்கடை வைக்கப் போகிறவர்களுக்கு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கோவையில் ஒரு பில்டர் காபிக்கடையும், அதை ஒட்டியே கொட்டை வறுத்து அரைத்துத் தரும் தூள் கடையும் நடத்துகிறேன். தூள், பால், டிகாஷன், ஆள், வாடகை பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். உள் அலங்காரம், விளம்பரம், ரீல்ஸ் எல்லாம் எனக்குத் தெரியாத விஷயம்.

ஈரோடு: அக்கா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் 200 சதுர அடி கடை கிடைக்கிறது. வாடகை 18,000. காபி மட்டும் விற்றால் கட்டுப்படியாகுமா?

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்க தம்பி. 120 மில்லி டம்ளர் என்று வைப்போம். பால் 90 மில்லி. லிட்டர் 60 ரூபாய் என்று போட்டால் 5.40. தூள் 7 கிராம். கிலோ 700 என்றால் 4.90. சர்க்கரை 45 பைசா, கேஸ் 50 பைசா. ஆக, ஒரு காபிக்குச் சரக்குச் செலவு பதினொன்றே கால் ரூபாய். 20 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 8.75.

ஒரு நாளைக்கு 300 காபி போகிறது என்று நல்லபடியாகவே நினைப்போம். மாதம் 78,750. இதில் மாஸ்டருக்கு 22,000, உதவிக்கு இரண்டு பேர் தலா 14,000, வாடகை 18,000. எல்லாம் போக 10,750 நிற்கும். கரண்ட் பில்லும் உடைசலும் இன்னும் கழிக்கவில்லை.

பலரும் மறக்கிற இடம் அடுத்தது. 300 காபி, 20 ரூபாய், 365 நாள் என்றால் வருட விற்பனை 21 லட்சத்து 90 ஆயிரம். 20 லட்சத்தைத் தாண்டியதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். உணவகத்துக்கு 5 சதவீதம், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. டம்ளர் காபிக்குத் தனியாக வரி போட்டு 21 ரூபாய் கேட்டால் யார் தருவார்? அந்த 20 ரூபாய்க்குள்ளேயே 95 பைசா அரசாங்கத்துக்குப் போகும். மாதம் எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். உங்களுக்கு என்ன நிற்கிறது என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

அதனால் காபி மட்டும் வேண்டாம். வடை, பஜ்ஜி, பன் பட்டர் ஜாம், பாட்டில் பிஸ்கெட் எல்லாம் இருக்கட்டும். காபி ஆளைக் கூட்டி வரும், காசு பெரும்பாலும் பக்கத்துத் தட்டில்தான் இருக்கிறது. இன்னொன்று, மாஸ்டர் வராத நாளில் நீங்களே நின்று 300 காபி போட முடியுமா? முடியாதென்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். கடை அப்புறம் பார்க்கலாம்.

திருப்பூர்: மேடம், மொத்தம் எவ்வளவு முதல் வேண்டும்?

கடைக்குக் கடை மாறும். அட்வான்ஸ், பாய்லர், பால் அடுப்பு, பாத்திரம், பலகை இவற்றுக்கு ஆகும் தொகை ஒரு பக்கம். ஆறு மாத வாடகையும் சம்பளமும் அதில் சேராமல் தனியாக வங்கியில் இருக்க வேண்டும். இரண்டாவது தொகை இல்லாமல் திறக்காதீர்கள். நன்றாகக் காபி போட்டவர்களே நாலாவது மாதத்தில் ஷட்டரை இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம்: எஸ்பிரெஸ்ஸோ மெஷின், டூ குரூப் (காபி இறங்க இரண்டு முனை உள்ளது), செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

என் துறை இல்லை. விற்கிறவரிடம் சர்வீஸ் ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா, உங்கள் கட்டிடத்து மின் இணைப்பு அந்த மெஷினைத் தாங்குமா என்று மட்டும் கேளுங்கள். இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பொள்ளாச்சி: அக்கா, எந்தப் பால் நல்லது? கறந்த பாலா, பாக்கெட்டா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், எல்லோரும். டம்ளரில் முக்கால் பங்கு பால். ஆனால் கடை வைக்க வருகிறவர்கள் முக்கால் நேரமும் தூளைப் பற்றியே பேசுகிறார்கள்.

உங்கள் ஊரில் கறந்த பால் தாராளம். நம்பிக்கையான ஆள் கிடைத்தால் அதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் தினமும் லாக்டோமீட்டர் (பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் கருவி) வையுங்கள். சொந்தக்கார வீட்டுப் பால் என்றாலும் வையுங்கள். வெயில் காலத்தில் கறவை குறையும்போதுதான் கேனில் தண்ணீர் கூடும். அவர்களுக்கும் நெருக்கடி இருக்கும், சண்டை போட வேண்டாம். கருவி காட்டும் அளவைக் காட்டி விலையைக் குறைத்தால் போதும்.

பாக்கெட் என்றால் ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நீலத்தில் கடைக் காபி போடவே வேண்டாம், தண்ணியாக இருக்கும். ஆரஞ்சு கெட்டியாக இருக்கும், ஆனால் டிகாஷன் நன்றாக இல்லையென்றால் அதன் வாசனையை அமுக்கிவிடும். பச்சையிலேயே நல்ல காபி போடலாம், காய்ச்சத் தெரிந்தால்.

காய்ச்சுவது என்றால் பத்து லிட்டரை ஒரே அண்டாவில் ஊற்றி காலையிலிருந்து மதியம் வரை கொதிக்க விடுவது இல்லை. அப்படிச் செய்தால் பதினொரு மணிக்குப் பால்கோவா வாசனை வரும், அடிப் பிடித்தால் அன்றைய வியாபாரமே போச்சு. இரண்டு இரண்டு லிட்டராகப் பொங்க வையுங்கள். பொங்கியதும் வெந்நீர்ச் சூட்டில் இருக்கும் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். தீர்ந்த பாத்திரத்தில் புதுப் பாலை ஊற்றாமல், கழுவிவிட்டு ஊற்றுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே ஆள் தேடி வருவார்கள்.

கோவை, பீளமேடு: வீட்டில் வரும் ருசி கடையில் வரவில்லை. தூள் அதேதான்.

தண்ணீர் அதேதானா? சிறுவாணித் தண்ணீரில் இறங்கும் டிகாஷனும் போர் தண்ணீரில் இறங்குவதும் ஒன்றாக இருக்காது. உப்பு கூடினால் காபி மொண்ணையாகிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டிடத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு கேன் பிடித்துவந்து காபி போட்டுப் பாருங்கள்.

அப்புறம், பில்டரில் தூளை அழுத்தி அடைக்காதீர்கள். தண்ணீர் கொதித்து அடங்கியதும் ஊற்றுங்கள். இறக்கிய டிகாஷனை நேரடித் தீயில் சுட வைக்காமல் வெந்நீருக்குள் வையுங்கள், மூன்று நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷனை விற்கிற கடைகள் இருக்கின்றன. நான் விற்பதில்லை.

கரூர்: மொத்தம் எவ்வளவு முதலீடு ஆகும் மேடம்?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: மேடம், சிக்கரி கலப்படம்தானே? ஏற்காட்டுக் கொட்டை பக்கத்திலேயே கிடைக்கும்போது கிழங்கை எதற்கு வறுத்துக் குடிக்க வேண்டும்?

சொல்லாமல் சேர்த்தால் கலப்படம். சொல்லிச் சேர்த்தால் கலவை. சட்டமே அப்படித்தான் பிரிக்கிறது: காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எது எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும்.

சிக்கரி என்பது காசினிக் கீரைச் செடியின் வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்தால் அதிலுள்ள சர்க்கரைச் சத்து கருகி நிறமும் கனமும் தரும். காஃபீன் கிடையாது. காபித்தூளில் தண்ணீரில் கரைவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது. சிக்கரி அதைவிட எவ்வளவோ அதிகம் கரையும். அதனால்தான் டிகாஷன் திக்காக இறங்குகிறது, முக்கால் டம்ளர் பாலை ஊற்றினாலும் நிறம் நிற்கிறது. ஏற்காட்டில் விளையும் அராபிகா வகைக் கொட்டையைத் தனியாக இறக்கி இவ்வளவு பால் ஊற்றிப் பாருங்கள், வாசனை இருக்கும், வாயில் ஒன்றும் நிற்காது. பால் குறைவாகக் குடிக்கிறவருக்குச் சுத்தக் காபி அருமை. நம் ஆட்கள் அப்படிக் குடிப்பதில்லை.

சேலம்: சுற்றி வளைக்கிறீர்கள். சிக்கரி விலை குறைவு, அதுதானே விஷயம்?

பாதி விஷயம் அதுதான், மறுக்கவில்லை. 2024-லும் 2025-லும் கொட்டை விலை ஏறியபோது, பழைய விலையிலேயே தூள் விற்கப் பலர் சிக்கரியைக் கூட்டினார்கள். காபி 60-க்கு சிக்கரி 40 வாங்கி விற்கிறவர் நிறத்தைத்தான் விற்கிறார். நான் 85-க்கு 15 தாண்டுவதில்லை.

கும்பகோணம்: எங்கள் ஊர்க் காபிக்கு சிக்கரி ஆகவே ஆகாது. பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ஊர் டிகிரி காபியின் புகழே தண்ணீர் சேர்க்காத பாலாலும் அப்போதைக்கப்போது இறக்கும் டிகாஷனாலும் வந்தது. சிக்கரியைத் திட்டுகிற பெரியவர்கள் பாலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

மதுரை: அக்கா, கனம்தான் வேண்டும் என்றால் ரோபஸ்டா 30 சதவீதம் சேர்க்கலாமே? அதுவும் காபிதானே.

இன்று வந்ததில் நல்ல வாதம் இதுதான். உண்மை, கனம் வரும், நுரையும் வரும். நல்ல வாஷ்டு ரோபஸ்டா (பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய கொட்டை) கிடைத்தால் பிளான்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய பெரிய அராபிகா கொட்டை) 50, பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) 20, ரோபஸ்டா 30 என்று போட்டு சிக்கரி இல்லாமலே கடை நடத்தலாம். ஆனால் செர்ரி ரோபஸ்டாவை (பழத்தோடே உலர்த்தியது) அதே அளவு போட்டால் கசப்பு தூக்கும், மாஸ்டர் சர்க்கரையை அள்ளிப் போடுவார். அராபிகாவைவிட ரோபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாயங்காலம் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று வாடிக்கையாளர் வந்து சொல்வார், எனக்குச் சொன்னார்கள்.

சேலம்: அப்போ உங்கள் கடையில் குடிக்கிறவருக்கு 15 சதவீதம் இருப்பது தெரியுமா? பாக்கெட்டில் எழுதுவீர்கள். டம்ளரில்?

கல்லா மேலே பலகையில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதாமல் 'சுத்தமான பில்டர் காபி' என்று போர்டு மாட்டுகிறவரைக் கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன்.

விழுப்புரம்: குளிர்ந்த தண்ணீரில் தூளைத் தூவிப் பார்க்கும் சோதனை உண்மையா?

உண்மைதான். காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி நிறக் கோடு விட்டுக்கொண்டே இறங்கும். இருக்கிறதா என்று தெரியுமே தவிர எவ்வளவு என்று தெரியாது. புளியங்கொட்டைத் தூள் போன்ற நிஜக் கலப்படத்துக்குப் பரிசோதனைக் கூடம்தான். சிக்கரி பற்றி இத்தோடு போதும்.

தஞ்சாவூர்: சர்க்கரை நோயாளிகளுக்குச் சிக்கரி...

டாக்டரிடம் கேளுங்க.

ஓசூர்: பிரபல செயின் ஒன்றின் பிரான்சைஸ் எடுக்கலாமா? மாதம் உறுதியான வருமானம் என்கிறார்கள்.

உறுதி என்றால் எழுத்தில் கேளுங்கள். தூளையும் கப்பையும் அவர்களிடமே வாங்க வேண்டுமா, என்ன விலைக்கு என்றும் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏற்கனவே எடுத்த மூன்று பேரிடம், அவர்கள் காட்டுகிற மூன்று பேரிடம் அல்ல, நீங்களே தேடிப் போய்ப் பேசுங்கள்.

திண்டுக்கல்: என்னென்ன லைசென்ஸ் வேண்டும்? லோன் கிடைக்குமா?

உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலில். அதற்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் நீங்களே செய்யலாம், புரோக்கர் தேவையில்லை. விற்பனை அளவைப் பொறுத்துப் பதிவா உரிமமா என்று மாறும். 14 இலக்க எண் வரும், கடையில் மாட்ட வேண்டும். மாநகராட்சி அல்லது நகராட்சித் தொழில் உரிமம் தனி. சிலிண்டர் 19 கிலோ வணிக சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டரில் ஓட்டிப் பிடிபட்டால் தலைவலி. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். உரிமையாளர்கள் பத்து மாதம் கேட்பார்கள், பேரம் பேச இது உதவும்.

லோன் என்றால் முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை. அதில் 10 லட்சம் வரை தரும் தருண் பிரிவில் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரை. மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையம் போங்கள். மானியம் வரும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

நாகர்கோவில்: பார்சலுக்குப் பேப்பர் கப் போதுமா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. பக்கத்துக் கடையில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். டம்ளர் கொடுங்கள், பார்சலுக்குப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வேலூர்: முதலீடு எவ்வளவு என்று தோராயமாக...

மேலே. இரண்டு முறை.

ராஜபாளையம்: பிரான்சைஸ் நல்லதா?

மேலே.

ஈரோடு: அக்கா, மாஸ்டரை எப்படித் தக்கவைப்பது? இரண்டு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள் என்கிறார்கள்.

காலை நாலரைக்கு வந்து நின்றால் பதினொரு மணிக்குக் கால் வீங்கும். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு கடை ஊழியருக்கு இருக்கை தருவது சட்டமும்கூட. சம்பளத்தைத் தேதி தள்ளாமல் கொடுங்கள். அப்படியும் போவார், எதிர்க்கடைக்காரர் இரண்டாயிரம் கூடக் கொடுப்பார். அதனால்தான் சொன்னேன், நீங்களும் போடக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கே கற்பது என்று அடுத்து கேட்பீர்கள்: பெங்களூரில் காபி வாரியம் 'காபி சாஸ்திரா' என்று வறுப்பதற்கும் தயாரிப்பதற்கும் பயிற்சி நடத்துகிறது. அதைவிட, தெரிந்த கடையில் ஒரு மாதம் சம்பளம் வாங்காமல் நில்லுங்கள்.

நாமக்கல்: கடைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தால்தான் இளவட்டம் வருமாம்.

எந்தப் பெயரும் வையுங்கள். பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி.

சேலம்: என் கடைக்குப் பெயர் முடிவு செய்துவிட்டேன் மேடம். 'சிக்கரி இல்லாத காபி'.

வையுங்கள், நானே வந்து குடிக்கிறேன். பால் எங்கே வாங்கப் போகிறீர்கள்? இவ்வளவு நேரம் பேசியதில் அதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை.