ஒரு நாள் போதும், எஸ்பன்யோலா என்றால்

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு கலாபகஸ் தீவுகளைக் கப்பலில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. ஆனால் ஒவ்வொரு தீவிலும் சில மணி நேரம்தான் இறக்கிவிடுவார்களாமே? அதற்குள் மனம் நிறைய எதைப் பார்க்க முடியும்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: நிறையவே பார்க்கலாம் அம்மா. உங்கள் கப்பல் எஸ்பன்யோலாவுக்குப் போகிறதா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான அந்தத் தீவுக் கூட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும், மனிதர் குடியில்லாத தீவு அது.

காலையில் ரப்பர் படகில் புன்டா சுவாரஸ் முனைக்குப் போனோம். இறங்கும் இடத்தில் கடல் சிங்கங்கள் படுத்திருந்தன. அவை நகரும்வரை காத்திருந்துதான் கரையேறினோம். பாறைகளில் சிவப்பும் பச்சையுமாகக் கடல் இகுவானாக்கள் குவிந்து கிடந்து, மூக்கு வழியே உப்பைப் பீய்ச்சின. கடலில் இரை தேடும் பல்லி இனம் உலகில் இது ஒன்றே. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது கலாபகஸ் தேசியப் பூங்காவின் விதி. மாக்கிங்பேர்டு என்ற பறவைக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் தேடிக் காலடிக்கே வந்துவிடும். பாவமாக இருந்தாலும் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வது 'வேவ்டு அல்பட்ராஸ்' (waved albatross) என்ற பெரிய கடற்பறவைக்காக. இந்த இனத்தின் ஏறக்குறைய எல்லா ஜோடிகளும் இந்த ஒரு தீவில்தான் முட்டையிடுகின்றன. ஒரு ஜோடி எதிரெதிரே நின்று அலகோடு அலகை உரசி, சட்டென்று வானம் பார்த்து, பின் தலை தாழ்த்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. என் கேமராவை உறையிலேயே விட்டுவிட்டேன். சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். தரையில் அதுவே பெரும் சுமை. தள்ளாடித் தள்ளாடிச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு நடந்து வந்து, காற்றில் விழுந்துதான் பறக்கிறது. அந்த இடத்தை வழிகாட்டிகள் 'அல்பட்ராஸ் விமான நிலையம்' என்கிறார்கள்.

வருடத்துக்கு ஒரே முட்டை. இரை தேடிப் பெரு நாட்டுக் கடல்வரை போகும் பறவை மீன்பிடி வலையிலோ தூண்டிலிலோ சிக்கினால், அந்த வருடக் குஞ்சும் பிழைப்பது அரிது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் இது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை அவை கடலில் இருக்கும், அப்போது போகாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அலை அதிகம். மே, ஜூன் உங்களுக்கு ஏற்றது. பாதை முழுக்கக் கரடுமுரடான எரிமலைப் பாறை. வழுக்காத ஷூவும் ஊன்றுகோலும் அவசியம்.