சூப்பை எப்படி மாவுக்குள் மடிப்பது?

கேள்வி: என் நெருங்கிய தோழி அடுத்த மாதம் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போகிறாள். அம்மா வைத்த கோழி சூப், பாட்டியின் உருளைக்கிழங்கு மசியல், பட்டை போட்டு வேகவைத்த ஆப்பிள் என்று சின்ன வயதில் சாப்பிட்ட மூன்றைப் பற்றி ஓயாமல் பேசுவாள். மூன்றையும் டம்ப்ளிங்காக, அதாவது கொழுக்கட்டை போல மாவுக்குள் பூரணமாக மடித்து, விருந்து வைக்க ஆசை. ஒருமுறை செய்து பார்த்தேன். சூப்பும் கோழியும் காயும் வைத்தது ஆவியில் பிய்ந்து கூழாகிவிட்டது. மசியல் வைத்தது சப்பென்று இருந்தது. என்ன செய்யலாம்?

பதில்: மாவு பிசைவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். சூப் எப்படி இருக்கும் என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்றுதான் சொல்வாள். மிளகைத் தட்டிப் போட்டார்களா, பொடித்தா? மேலே நெய்ப்பு மிதக்குமா? காய்ச்சல் நாளில் மட்டும் வைப்பார்களா? இப்படிக் கேளுங்கள். ஒரு நண்பனுக்காக நானும் இதே கோழி சூப்பை டம்ப்ளிங்காகச் செய்தேன். நல்லா இருக்கு என்று சாப்பிட்டான், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போதுதான், இறக்கிய பிறகு அம்மா எலுமிச்சை பிழிவார்கள் என்று போகிறபோக்கில் சொன்னான். அடுத்த முறை அரை மூடி எலுமிச்சை சேர்த்தேன், முதல் கடியிலேயே நிமிர்ந்து பார்த்தான். உங்கள் தோழிக்கும் அப்படி ஒன்று இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் காய், கோழி எல்லாவற்றையும் உள்ளே திணிக்க வேண்டியதே இல்லை.

சரி, சூப்புக்கு வருவோம். அதை நீராக வைத்தால் மாவு ஊறிக் கிழியத்தான் செய்யும். சீனாவின் ஷாங்காய் பக்கத்தில் செய்யும் சியாவ்லாங்பாவ் என்ற சூப் டம்ப்ளிங்கில் சூப்பை உறையவைத்துத்தான் மடிக்கிறார்கள். கோழி இறக்கையும் காலும் போட்டு மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தால் தானாகவே ஜெல்லி போலக் கட்டியாகும். அவசரமென்றால் 250 மில்லி சூப்புக்கு 7 கிராம் ஜெலட்டின் போதும். உறைந்ததைப் பொடியாக நறுக்கி, கொத்திய கோழிக்கறியோடு கலந்து, குளிர்ச்சி விடுவதற்குள் மடித்துவிடுங்கள். ஆவியில் 8 முதல் 10 நிமிடத்தில் கறி வெந்து, அந்தக் கட்டி உள்ளேயே உருகித் திரும்பவும் சூப்பாகிவிடும், அவள் ஓரத்தைக் கடித்ததும் கரண்டியில் வழியும். சூடு நாக்கைச் சுட்டுவிடும், முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மேல் மாவுக்கு 300 கிராம் மைதாவுக்கு 150 மில்லி தண்ணீர் அளவு, மாவைப் பொறுத்து ஒரு கை கூடும் குறையும். ஆவியில் வைப்பதற்குப் பாதி கொதிநீர், பாதி பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கொதிநீர் பட்ட மாவு பாதி வெந்துவிடுவதால், தேய்த்த பிறகு சுருங்காமல் மெத்தென்று இருக்கும். தண்ணீரில் போட்டு வேகவைப்பதற்கு முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான், அந்த இழுவை இருந்தால்தான் கொதியைத் தாங்கும். எதுவானாலும் அரை மணி நேரம் மூடி வையுங்கள், தேய்க்கும்போது நடு தடிமனாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும்.

மசியல் சப்பென்று ஆனதற்குக் காரணம், மாவுக்குள் மாவுச்சத்தையே வைத்ததுதான். தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சம் கரிக்கிறதே என்று தோன்றும் அளவுக்கு உப்புப் போடுங்கள், மேல் மாவு அதைச் சரிக்கட்டிவிடும். கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரித்து, வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டி ஈரத்தை விரட்டிய பிறகு மசியுங்கள். அப்புறம் வெங்காயம். வெண்ணெயில், சிறு தீயில், 20 நிமிடமாவது வதக்கி நன்றாகச் சிவக்கவிட்டு, பாதியை உள்ளேயும் மீதியைப் பரிமாறும்போது மேலேயும் போடுங்கள். போலந்து நாட்டு டம்ப்ளிங்கான பியரோகிக்கும் இப்படித்தான் வதக்கிய வெங்காயத்தை மேலே போடுவார்கள். எதை மடிப்பதற்கு முன்னாலும் ஒரு சிட்டிகைப் பூரணத்தை வாணலியில் வேகவைத்து ருசி பாருங்கள். மடித்த பிறகு உப்பைத் திருத்த முடியாது.

ஆப்பிள் சுலபம். பொடியாக நறுக்கி, சர்க்கரை, பட்டைப் பொடியோடு தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டு மடியுங்கள். இதை ஆவியில் வைக்காதீர்கள், வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால்தான் எடுபடும்.

முடிந்தால் மடிக்கும்போதே அவளையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், கை வேலையாக இருக்கும்போதுதான் போனில் வராத பேச்செல்லாம் வரும். மீதியைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி, உறைந்ததும் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்தபடியே ஆவிக்குப் போகலாம், இரண்டு மூன்று நிமிடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். கிளம்புகிற அன்று காலையில் அவளுக்கு நாலு வேகவைத்துக் கொடுக்க அது போதும்.