கண்ணுக்குள் இரத்தக் குழாய்களைத் தடுக்கும் புரதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: கண்ணின் வெள்ளைப் பகுதியில் அத்தனை சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. கருவிழியின் ஓரத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடுகின்றனவே, எப்படி மேடம்?

பதில்: தானாக நிற்பதில்லை, தடுத்து நிறுத்தப்படுகின்றன. குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் கருவிழியிலும் (கண்ணின் முன்புறம் உள்ள தெளிந்த படலம், கார்னியா) உண்டு. ஆனால் அதைப் பிடித்து முடக்கும் எஸ்ஃப்ளிட்-1 என்ற புரதத்தையும் கருவிழியே சுரக்கிறது. குழாய்ச் செல்லில் வி.இ.ஜி.எஃப். போய் ஒட்ட வேண்டிய புரதமான ஏற்பியின் மிதக்கும் வடிவம் அது. அதில் சிக்கிய தூண்டுபுரதம் குழாய்ச் செல்லைப் போய்ச் சேராது.

2006-ல் எலிகளின் கருவிழியில் இதைச் செயலிழக்கச் செய்தபோது குழாய்கள் உள்ளே புகுந்தன. அதே ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி மானட்டி என்ற கடல் பாலூட்டி. அதன் கருவிழியில் இரத்தக் குழாய்கள் இயல்பாகவே ஓடும். சோதித்துப் பார்த்தால் அங்கே எஸ்ஃப்ளிட்-1 இல்லை! அதன் நெருங்கிய உறவான ஆவுளியாவுக்கும், யானைக்கும் அந்தப் புரதம் இருக்கிறது; அவற்றின் கருவிழியும் தெளிவாக இருக்கிறது.

கேள்வி: பி.இ.டி.எஃப். என்பதும் இதே வகையா?

பதில்: வேலை ஒன்று, வழி வேறு. விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலம் சுரப்பது இது. நரம்புச் செல்களைப் பேணும் புரதமாகத்தான் முதலில் அறிமுகமானது. குழாய் வளர்ச்சியைத் தடுப்பது 1999-ல் தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்தால் இதன் அளவும் குறையும். வி.இ.ஜி.எஃப். அப்போது ஏறும். இந்த எதிரெதிர்ப் போக்கை மனதில் வையுங்கள், அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்கிறார்கள். இந்தக் காவல் புரதங்கள் என்ன ஆயின?

பதில்: சர்க்கரையால் நுண்குழாய்கள் அடைபட்டு, விழித்திரையின் சில பகுதிகள் ஆக்சிஜனுக்கு ஏங்குகின்றன. உடனே தூண்டுபுரதம் பெருகுகிறது, பி.இ.டி.எஃப். சரிகிறது. முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. கசியும், இரத்தம் கொட்டும், வளரும் தழும்புத் திசு விழித்திரையை இழுத்துப் பிரிக்கவும் கூடும். சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல் மறைத்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: இந்தப் புரதங்களைக் கூட்ட மாத்திரை, சத்துணவு ஏதாவது?

பதில்: நிரூபணமானது எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். புரதத்தைச் சாப்பிட்டால் குடல் அதைச் செரித்துவிடும்.

கேள்வி: இந்தக் குழாய்களைத் தடுக்கக் கண்ணில் போடும் ஊசி இதே புரதம்தானா?

பதில்: அஃப்ளிபெர்செப்ட் மருந்து எஸ்ஃப்ளிட்-1 செய்யும் அதே தந்திரத்தைத்தான் செய்கிறது: ஏற்பியின் துண்டுகளைக் கொண்டு வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடிக்கிறது. அமெரிக்காவில் 2011-ல் ஒப்புதல் பெற்றது. ரானிபிசுமாப் என்ற இன்னொரு ஊசி மருந்தும் வி.இ.ஜி.எஃப்.-ஐத்தான் பிடிக்கிறது; ஆனால் அது ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டு. பி.இ.டி.எஃப். மரபணுவை வைரஸ் வழியாகக் கண்ணுக்குள் செலுத்தியும் மனிதர்களிடம் சோதித்தார்கள். அது வழக்கமான சிகிச்சையாக வரவில்லை.

கேள்வி: அப்படியானால் வி.இ.ஜி.எஃப்.-ஐ அடியோடு ஒழித்துவிடலாமே?

பதில்: கூடாது. விழித்திரைக்குப் பின்னால் அதற்கு உணவூட்டும் நுண்குழாய் வலை நிலைத்திருக்க, நிறமிப் படலம் சுரக்கும் வி.இ.ஜி.எஃப். கொஞ்சமாவது வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இயல்பான குழாய்கள் இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. அதனால் அவர்களுக்கு இந்த ஊசியைப் போடும்போது அளவைக் குறைத்து, பல மாதங்கள் தொடர்ந்து கண்ணைப் பரிசோதிக்கிறார்கள்.