பழைய வண்டிகள்: பட்டறையிலிருந்து பதில்கள்

(பதில் சொல்பவர் குவைத்திலும் திருநெல்வேலி பேட்டையிலுமாக 40 வருடம் பழைய வண்டிகளோடு பழகியவர்.)

கேள்வி: அண்ணாச்சி, அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் 1967 மஸ்டாங் கார் ஒன்றுக்கு விலை பேசுகிறான். எஞ்சின் அந்தக் காரோடு வந்ததுதான் என்கிறார் விற்பவர். ஆனால் பிளாக்கில் (எஞ்சினின் இரும்பு உடலில்) 'சி6ஏஇ-6015-சி' என்று இருக்கிறது. 6 என்றால் 1966 அல்லவா? ஏமாற்றுகிறாரா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அதற்குள் அவரைப் பொய்யராக்கிவிட வேண்டாம், தம்பி. ஃபோர்டு கம்பெனி எண்ணைத் துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். 'சி' என்றால் 1960கள். 6 என்றால் 1966. 'ஏ' என்றால் பெரிய ஃபோர்டு கார், 'இ' என்றால் எஞ்சின் பிரிவு, 6015 என்றால் பிளாக். இது வரைபடம் போட்ட வருடம். வார்த்த வருடம் அல்ல. பெரிய காருக்கு வரைந்த அந்த 289 கன அங்குல எஞ்சின் பிளாக்கைத்தான் 1967 மஸ்டாங்கிலும் வைத்தார்கள். மஸ்டாங்குக்கென்றே வரைந்த சாமானில் மூன்றாவது எழுத்து 'இசட்' என்று இருக்கும்.

உங்கள் அண்ணன் தேட வேண்டியது வார்த்த தேதியை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே முதலில் வருடம், அப்புறம் மாத எழுத்து, கடைசியில் நாள்: '7சி15' என்றால் 1967 மார்ச் 15. (மாத எழுத்தில் 'ஐ' கிடையாது, செப்டம்பருக்கு 'ஜே'.) அதைக் கதவுத் தகட்டில் உள்ள, கார் தயாரான தேதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே '20டி', அதாவது ஏப்ரல் 20 என்றிருந்தால் கணக்கு பொருந்துகிறது. பிளாக் ஜூன் மாதத்து '7எஃப்' ஆக இருந்தால் அது வேறு வண்டியின் எஞ்சின். அந்த விலை கொடுக்கக் கூடாது. இன்னொன்று. எண்ணைச் சுற்றி மணல் வார்ப்பின் சொரசொரப்பு இருக்க வேண்டும். அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தால் யாரோ அரத்தைப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசடரில் பானட் சின்னம் உடைந்து பாதிதான் மிஞ்சியிருக்கிறது. கேஸ் வெல்டிங் செய்யலாமா, பித்தளையில் புதிதாக வார்க்கலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, அதன் பக்கத்தில் கேஸ் நெருப்பைக் கொண்டுபோகவே விடாதீர்கள். குரோம் உரிந்த இடத்தில் செம்பு நிறம் தெரிவதைப் பார்த்துப் பித்தளை என்று நினைப்பார்கள். துத்தநாக வார்ப்புக்கு முதலில் செம்பு, அப்புறம் நிக்கல், அதன்மேல்தான் குரோம் முலாம் போடுவார்கள். உடைந்த வாயைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பொடிமணியாக இருந்தால் துத்தநாகக் கலவைதான். அது 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். 1986இல் ஒரு கதவுக் கைப்பிடியில் நெருப்பை வைத்தேன். கண்முன்னே ஒழுகித் தரையில் குட்டையாகக் கிடந்தது. அது ஒரு பெரியவர் நம்பிக் கொடுத்த சாமான். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

புதிதாக வார்ப்பதுதான் வழி, பித்தளையே நல்லது. ஆனால் பழைய சின்னத்தையே மணலில் அழுத்தி அச்செடுக்கச் சம்மதிக்காதீர்கள். உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்குச் சுமார் ஒன்றரை பங்கு சுருங்கும். 200 மில்லிமீட்டர் சின்னம் 197 ஆக வரும். பின்னால் உள்ள ஆணிகள் பானட் துளையில் உட்காராது. எங்களுக்கு மர அச்சு செதுக்கித் தந்த ஆசாரி ஓர் எஃகு அடிக்கோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாதாரண அடிக்கோலோடு ஒட்டி வைத்தால், 300 என்ற கோடு நாலரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். சுருங்கப்போகும் அளவை ஒவ்வொரு கோட்டிலும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். அந்தக் கோலால் அளந்து செதுக்கினால் வார்ப்பு சரியான அளவுக்கு வந்து நிற்கும். இப்போது கணினியில் அளவெடுத்து, அதே அளவு பெரிதாக்கிப் பிளாஸ்டிக்கில் அச்சு செய்கிறார்கள். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாதி சின்னத்தை வைத்துக்கொண்டு மீதியை ஊகித்துச் செதுக்க வேண்டாம். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள். அளந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். சந்தையில் 'கம்பெனி சாமான்' என்று விற்பவற்றையும் அந்த இரவல் சின்னத்தோடு வெர்னியரில் அளந்து பாருங்கள். நீளத்திலும் அகலத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், அசலை மணலில் அழுத்தி எடுத்த நகல் அது.

வார்க்கும்போது பின்பக்கத்தில் வருடத்தையும் பட்டறையின் எழுத்தையும் புடைப்பாக வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஒரு சாமானையும் நான் வெளியே விடுவதில்லை. நாளைக்கு அந்தக் கார் கைமாறினால், வாங்குகிறவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரிய வேண்டும். முலாம் போடுகிறவர் அந்த எழுத்தைத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய புல்லட்டில் ஒரு நட்டு மூன்று சுற்று ஏறியதும் இறுகிவிடுகிறது. எண்ணெய் விட்டு முறுக்கலாமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: முறுக்காதீர்கள்! பழைய புல்லட்டில் பல இடங்களில் அங்குலத்துக்கு 26 மரை. அதாவது மரைக்கு மரை 0.977 மில்லிமீட்டர். நீங்கள் மாட்டுவது 1 மில்லிமீட்டர் மரை நட்டாக இருக்கும். முதலில் இசைந்து கொடுக்கும், அப்புறம் போல்டின் மரையையே தின்றுவிடும். இந்த நட்டைக் கழற்றிவிட்டு, பழைய நட்டு எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். அதை வைத்துத்தான் புதியதைக் கடைய முடியும்.