நள்ளிரவில் வீட்டுக்குள் சத்தம் கேட்டால்: கேள்வி பதில்

அவசர அழைப்பு மையத்தில் இரவுப் பணி பார்த்தவள் நான். பயத்தில் நடுங்கும் குரல்களை நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

ராத்திரி ஹாலில் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது என் வழக்கம். சரிதானே அக்கா?

வேண்டாம் தம்பி. திடுக்கிட்டு எழுந்தவருக்குத் தூக்கக் கலக்கம் முழுசாகத் தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம். வந்தவனோ விழிப்போடு இருக்கிறான், அவன் கண் இருட்டுக்குப் பழகியிருக்கிறது. டார்ச் அடித்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் அவனுக்கு முதலில் தெரியும். திருட வந்தவன் பெரும்பாலும் பொருளோடு தப்பி ஓடத்தான் பார்ப்பான். நடைவழியில் நீங்கள் போய் நின்றால் அவன் ஓடும் வழியை அடைத்ததாகிவிடும். அடிதடி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில் அசையாமல் கேளுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பக்கத்துப் படுக்கையில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? கதவைச் சாத்தித் தாழ் போடுங்கள், கட்டிலையோ மேசையையோ கதவோடு நெருக்குங்கள், போன் செய்யுங்கள். அவன் பக்கம் போகாமலே வெளியேற வேறு வாசல் இருந்தால், வெளியே போய்விடுவது இன்னும் நல்லது. எதையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிள்ளைகள் எதிர் அறையில் தூங்குகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எப்படிக் கதவைப் பூட்டுவது?

பூட்ட முடியாது, எந்தத் தாயும் பூட்ட மாட்டாள். அதனால் நீங்கள் ஒளிந்துகொள்ள வேண்டிய அறை பிள்ளைகளின் அறைதான். அவர்களை இழுத்துக்கொண்டு உங்கள் அறைக்குத் திரும்ப வேண்டாம், நீங்கள் அங்கே போய் உள்பக்கம் தாழிடுங்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல வீடுகளில், பிள்ளை உள்ளே மாட்டிக்கொள்ளுமே என்று கழற்றியிருப்பார்கள். கைக்கெட்டாத உயரத்தில் ஒன்று போட்டுவிட்டால் இரண்டு பயமும் தீர்ந்தது. அப்புறம், ஒரு பகலில் விளக்கையெல்லாம் அணைத்துத் திரையை மூடிவிட்டு அந்த நாலைந்து அடியை நடந்து பாருங்கள். வழியில் நாற்காலி இடிக்கிறதா, விளையாட்டுச் சாமான் மிதிபடுகிறதா என்று தெரிந்துவிடும். அவன் ஏற்கெனவே இரண்டு அறைக்கும் நடுவில் நிற்கிறான் என்றால், குரல் கொடுங்கள்: "போலீசுக்குச் சொல்லியாச்சு, வந்துகொண்டிருக்கிறார்கள்!" அவன் ஓட வாசல் பக்கம் திறந்திருக்கட்டும்.

போனில் பேசினால் அவனுக்குக் கேட்டுவிடாதா?

கிசுகிசுத்தால் போதும். முதலில் முகவரி, அடுத்து "வீட்டுக்குள் ஆள்". இணைப்பு அறுந்தாலும் முகவரி போய்ச் சேர்ந்திருக்கும். பேசவே முடியாதென்றால் இணைப்பைத் துண்டிக்காமல் வையுங்கள். குறுஞ்செய்தியில் அவசர உதவி கேட்கும் வசதி சில இடங்களில் உண்டு. உங்கள் பகுதியில் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய திரையிலிருந்தே அவசர அழைப்பு போகும், கடவுச்சொல்லைத் தேட வேண்டாம்.

காற்று, பூனை என்று ஏதாவது இருந்துவிட்டால் அவமானமாக இருக்காதா?

இருக்காது. ராத்திரி குளிரக் குளிர மரமும் உலோகமும் சுருங்கும், 'டக்' என்று ஒலிக்கும். குழாய்த் தண்ணீர் சட்டென நின்றால் குழாயே தடதடக்கும். இவை பெரும்பாலும் வந்த இடத்திலேயே நின்றுவிடும். நடக்கிற சத்தம் இடம் மாறும், நடுநடுவே நிற்கும். எது என்று தெரியவில்லையென்றாலும் கூப்பிடுங்கள். நல்லெண்ணத்தில் வந்த வெற்று அழைப்புக்காக நாங்கள் யாரையும் கடிந்துகொண்டதில்லை.

தலையணைக்குக் கீழே கத்தி, பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாமா?

கத்தி வேண்டாம்மா. கைகலப்பில் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. மூடிய அறையில் ஸ்ப்ரே அடித்தால் உங்கள் கண்ணும்தான் எரியும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தாமதமாக வீடு திரும்பிய மகனை, தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாரைத் திருடன் என்று நினைத்துத் தாக்கிவிடுவது. இருட்டில் உருவம் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. அதனால் கதவுக்கு உள்ளிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நேரம் கழித்து வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே குரல் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

கண் விழித்தபோது அவன் என் அறையிலேயே நின்றால்?

பாயாதீர்கள். கை தெரியும்படி வையுங்கள், கேட்டதைக் கொடுங்கள், கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்காதீர்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். உயரம், குரல், செருப்பு, இந்த மூன்றும் மனதில் நின்றால் போதும். அவன் போனதும் துரத்தாமல் கதவைச் சாத்தித் தாழ் போடுங்கள். அவன் உங்கள் மேல் கை வைத்துவிட்டால் கதை வேறு. தப்பிக்க என்ன முடியுமோ அத்தனையும் செய்யுங்கள், கத்துங்கள், கடியுங்கள்.

போலீஸ் வந்ததும்?

கையில் எதுவும் இல்லாமல் வெளியே வாருங்கள். வந்தவர்களுக்கு நீங்கள்தான் வீட்டுக்காரர் என்று தெரியாது. கட்டையும் கையுமாக ஓடிவந்தால் உங்களையே மடக்குவார்கள். எந்த அறையில் இருக்கிறீர்கள், என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இறைந்து கிடப்பதை அடுக்காதீர்கள், தாழ்ப்பாளைத் தொடாதீர்கள். அவர்கள் ரேகை எடுத்து முடித்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.